ஷென்டன் வேயா, ராஃபிள்ஸ் பிளேஸா, பாய லேபாரா? அலுவலகம் மாற்றுவதற்கு முன் போட்ட கணக்கு

எங்கள் அலுவலகத்தின் வாடகை ஒப்பந்தம் அடுத்த ஆண்டு முடிகிறது. கட்டடக்காரர் கேட்ட புது வாடகையைப் பார்த்துவிட்டு பாஸ் ஒரு நிமிடம் பேசவே இல்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, “மூன்று இடம் பாருங்கள், எது தேவலை என்று எழுதிக் கொடுங்கள்” என்றார். சிங்கப்பூரில் 38 பேர் கொண்ட கணக்கு, தணிக்கை நிறுவனம். நிர்வாக வேலை என் பொறுப்பு. அதனால் நாற்காலி வாங்குவதிலிருந்து இடம் தேடுவது வரை எல்லாம் என் தலையில்தான்.

முகவர் மூன்று இடங்களைக் காட்டினார். ஒன்று, ஷென்டன் வே பக்கம் அண்மையில் எழும்பிய புதுக் கோபுரத்தில் முப்பதுகளில் ஒரு தளம். இரண்டாவது, ராஃபிள்ஸ் பிளேஸில் முப்பது வயதைத் தாண்டிய ஒரு பழைய கோபுரம். மூன்றாவது, நகருக்குக் கிழக்கே பாய லேபார் எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டிய ஓர் அலுவலகக் கட்டடம். மூன்று விளம்பரத் தாளிலும் ஒரே வாசகம்: ரயில் நிலையத்திலிருந்து இரண்டு நிமிடம். யாருடைய இரண்டு நிமிடம் என்று போடவில்லை.

சரி, நாமே போய்ப் பார்த்துவிடுவோம் என்று மூன்று வார நாள்களில் காலை நெரிசல் நேரத்தில் மூன்று இடத்துக்கும் போனேன். கணக்கு எளிமையானது. ரயில் கதவு திறந்ததும் கைப்பேசியில் கடிகாரத்தை ஓட விடுவது, காலி அலுவலகத்தின் கதவைத் தொட்டதும் நிறுத்துவது.

ஷென்டன் வே: 13 நிமிடம்

இந்தப் பக்கம் பல ஆண்டுகளாக ரயிலுக்குக் கொஞ்சம் எட்டாக்கையாகவே இருந்தது. தஞ்சோங் பகாரிலோ ராஃபிள்ஸ் பிளேஸிலோ இறங்கி வெயிலில் நடக்க வேண்டும். 2013 டிசம்பரில் டௌன்டவுன் பாதை வந்து கொஞ்சம் குறைந்தது. 2022 நவம்பரில் தாம்சன் – ஈஸ்ட் கோஸ்ட் பாதையின் மூன்றாம் கட்டம் திறந்து, ஷென்டன் வே என்ற பெயரிலேயே நிலையம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. ரயில் வந்ததும் கட்டடங்களும் வந்தன. ஐஓஐ சென்ட்ரல் புலவார்ட் டவர்ஸ் 2024இல் முடிந்தது. பழைய ஆக்ஸா டவரை இடித்த இடத்தில் ‘தி ஸ்கைவாட்டர்ஸ்’ எழும்பிக்கொண்டிருக்கிறது. 305 மீட்டர் உயரத்துக்குத் திட்டமிட்டிருக்கிறார்கள்.

உயரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் நிமிர்ந்து பார்த்தால் பெரிய கோபுரங்களின் தலை எல்லாம் ஒரே கோட்டில் வெட்டிவிட்டதுபோல் இருக்கும். ஒன் ராஃபிள்ஸ் பிளேஸ், யூஓபி பிளாசா, ரிபப்ளிக் பிளாசா மூன்றுமே 280 மீட்டர். கட்டியவர்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. பாய லேபார் விமானத் தளத்துக்கு வந்துபோகும் விமானங்களுக்காக அதற்கு மேல் போகக் கூடாது என்பது விதி. 2016இல் தஞ்சோங் பகார் நிலையத்தின் தலைமேல் எழுந்த குவோக்கோ டவர்தான் அதை முதலில் தாண்டியது. ஆக, நான் பார்த்த மூன்றாவது வட்டாரத்தின் பெயர்தான் முதல் இரண்டு வட்டாரங்களின் உயரத்தை இத்தனை நாள் பிடித்து வைத்திருந்தது.

கடிகாரத்துக்கு வருவோம். தாம்சன் பாதையின் நிலையங்கள் ஆழம். ஏற்கெனவே இருக்கும் சுரங்கங்களுக்கும் கட்டட அடித்தளங்களுக்கும் கீழே புகுந்து போகும் பாதை, வேறு வழியில்லை. மின்படியில் ஏறி, திரும்பி, மறுபடி மின்படியில் ஏறி, தெரு வெளிச்சத்தைப் பார்க்கும்போது ஐந்து நிமிடம் ஓடியிருந்தது. அங்கிருந்து கட்டடம் வரை மூன்று நிமிடம். கட்டுமான வேலிகளைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். மிச்சமிருந்த ஐந்து நிமிடமும் கட்டடத்துக்குள்ளேயே போனது.

புதுக் கோபுரங்களில் மின்தூக்கிக்குள் பொத்தான் இருக்காது. வாயிலில் அட்டையைத் தட்டும்போதே எந்த மாடி என்று தெரிந்துகொண்டு, திரையில் ‘டி’, ‘எஃப்’ என்று ஓர் எழுத்தைக் காட்டும். அந்த எழுத்துள்ள மின்தூக்கிக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். ஒரே மாடிக்குப் போகிறவர்களை ஒரே பெட்டியில் சேர்ப்பதால் கூட்டம் வேகமாகக் கரையும் என்பது ஏற்பாடு; பழகியவர்களுக்கு உண்மையிலேயே வேகம்தான். அன்று என் பெட்டியில் உணவுப் பை சுமந்த ஒரு பெரியவர் கடைசி நொடியில் உள்ளே புகுந்துவிட்டார். சுவரில் பொத்தானைத் தேடினார், இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அவர் இறங்க வேண்டியது ஒன்பதாவது மாடி. எங்களோடு முப்பத்து மூன்று வரை வந்துவிட்டுத் திரும்பினார். எங்கள் அலுவலகத்துக்கு வரும் பாதிப் பேரின் கதி இதுதான் ஆகும் என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

மேலே போனால்? குறை சொல்ல மனம் வரவில்லை. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கிற கடல். சைக்கிளில் வருகிறவர்களுக்குக் குளியலறை, துணி மாற்ற இடம். எங்கள் ஆட்களில் இருவர் மடக்கு சைக்கிள் வைத்திருக்கிறார்கள். மடக்கிய சைக்கிளை ரயிலில் நாள் முழுதும் கொண்டுவர 2017 முதல் நிரந்தர அனுமதி இருப்பதால், அவர்கள் பாதி தூரம் ரயில், பாதி தூரம் மிதி என்று வருகிறவர்கள். புதுக் கட்டடம் என்றதும் அவர்கள் இருவரும்தான் முதலில் கையைத் தூக்கினார்கள். 38 பேரில் இரண்டு பேருக்குக் குளியலறை.

ராஃபிள்ஸ் பிளேஸ்: 9 நிமிடம்

1987 டிசம்பரில் திறந்த நிலையம். வடக்கு – தெற்குப் பாதையும் கிழக்கு – மேற்குப் பாதையும் இங்கேயும் சிட்டி ஹாலிலும் சந்திக்கின்றன. இந்த இரண்டு இடங்களிலும் ரயில் மாறுவதற்குப் பெரும்பாலும் எதிர் நடைமேடைக்கு நான்கு எட்டு வைத்தால் போதும். இந்த வசதி பழகிப்போனவர்களுக்குத் தெரியாது. தோபி காட்டில் ஒரு முறை ரயில் மாறிப் பார்த்தால் தெரியும்.

மேலே வந்ததும் கட்டடம். மழை வந்தாலும் கவலையில்லை. நிலையத்திலிருந்து மரீனா பே நிதி மையம் வரை நிலத்தடியிலேயே குளிர்சாதனக் காற்றில் நடந்துபோய்விடலாம். நவம்பர் முதல் ஜனவரி வரை பிற்பகலில் கொட்டும் மழையில், வாடிக்கையாளர் முன்னால் நனையாத காலணியோடு போய் நிற்பதற்கு இதற்கு நிகராக எந்தக் கண்ணாடிக் கோபுரமும் வராது.

குறை, மின்தூக்கி. பழைய கோபுரம், பழைய மின்தூக்கி. எட்டு ஐம்பதுக்குப் போனால் வரிசை வாயிற்கதவு வரை நிற்கிறது. என் ஒன்பது நிமிடத்தில் ஐந்து அங்கேதான் போயின. நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்து என்ன பயன் என்று தோன்றியது.

சாப்பாடு இங்கே பெரிய பலம். மார்க்கெட் ஸ்திரீட்டில் 2021இல் முடிந்த கேப்பிட்டாஸ்பிரிங் கோபுரத்தின் இரண்டு, மூன்றாம் தளங்களில் உணவங்காடி நிலையமே இருக்கிறது. மேலே வங்கி, கீழே மீ கோரெங். முன்பு அதே இடத்தில் கோல்டன் ஷூ வாகன நிறுத்தக் கட்டடமும் அதற்குள் உணவங்காடியும் இருந்தன. அதற்கும் முன்னால் அந்தத் தெருவைத் தமிழர்கள் செட்டித் தெரு என்றே சொல்வார்கள். நகரத்தார் கிட்டங்கிகளில் மரப்பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து வட்டிக் கணக்குப் பார்த்த தெரு அது. அவர்கள் தூங்கியதும் சாப்பிட்டதும் வேலை பார்த்ததும் ஒரே கட்டடத்தில். போக்குவரத்து நேரம் பூஜ்யம். எங்கள் முகவர் இதைக் கேட்டிருந்தால் விளம்பரத்தில் போட்டிருப்பார்.

பன்னிரண்டரைக்குப் போனால் மேசையெல்லாம் இடம் பிடிக்க வைத்த டிஷ்யூ பொட்டலம்தான் உட்கார்ந்திருக்கும். பதினொன்றே முக்காலுக்குப் போகப் பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பாய லேபார்: 7 நிமிடம்

நிலையத்துக்கு எதிரிலேயே கட்டடம். மாடி குறைவு, மின்தூக்கி கூட்டமில்லை. 2019இல் பாய லேபார் குவார்ட்டர் வந்த பிறகு அலுவலகம், கடைத்தொகுதி, குடியிருப்பு எல்லாம் கலந்த வட்டாரமாகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கேலாங் சிராய் சந்தை இருக்கிறது. எனக்கு அந்த நாசி பாடாங்கே போதும். இருந்தாலும் இதை அறிக்கையில் ஒரு காரணமாகச் சேர்க்கவில்லை.

வாடகை கணிசமாகக் குறைவு. நிதி வட்டாரத்தின் தரமான கட்டடங்களில் சதுர அடிக்கு மாதம் 12 வெள்ளியை ஒட்டிப் பேசுகிறார்கள். அதில் மூன்று வெள்ளி குறைந்தாலே 4,000 சதுர அடிக்கு மாதம் 12,000 வெள்ளி மிச்சம். இரண்டு இளநிலைக் கணக்காளர்களின் சம்பளத்தை அதிலேயே கொடுத்துவிடலாம்.

யார் எங்கிருந்து வருகிறார்கள்

இந்த ஏழும் ஒன்பதும் பதின்மூன்றும் கடைசித் துண்டு மட்டும்தான். முழு நீளத்துக்கு ஆட்களின் முகவரிப் பட்டியலை எடுத்துவைத்து உட்கார்ந்தேன். செங்காங், பொங்கோல் பக்கம் 11 பேர். தெம்பனிஸ், பிடோக் 9. உட்லண்ட்ஸ், ஈசூன் 7. ஜூரோங், சுவா சூ காங் 6. மலேசியாவின் ஜோகூர் பாருவிலிருந்து தினமும் கடற்பாலம் தாண்டி வருகிறவர்கள் 4. பாஸ் காரில் வருகிறார்.

நிமிடத்தை எண்ணாமல் நிறுத்தத்தையும் ரயில் மாறுவதையும் எண்ணினேன். நிமிடம் நாளுக்கு நாள் மாறும், நிறுத்தம் மாறாது. ரயில் மாறுவது ஒன்றை நான்கு நிறுத்தத்துக்குச் சமமாக வைத்தேன். இது என் சொந்த விதி. நெரிசல் நேரத்தில் வரிசையில் நின்று, வந்த ரயிலில் ஏற முடியாமல் அடுத்ததைப் பிடித்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

செங்காங்கிலிருந்து ஷென்டன் வே போக வடகிழக்குப் பாதையில் ஊட்ரம் பார்க் வரை 13 நிறுத்தம், அங்கே மாறி இரண்டு. ராஃபிள்ஸ் பிளேஸுக்கு தோபி காட் வரை பத்து, மாறி இரண்டு. பாய லேபாருக்கு சிராங்கூன் வரை நான்கு, வட்டப் பாதைக்கு மாறி இன்னும் நான்கு. மூன்றிலும் ஒரு முறைதான் மாற வேண்டும், ஆனால் 15க்கும் 8க்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். சிராங்கூனில் மாறும்போது நடை நீளம், வட்டப் பாதையின் ரயிலுக்கு மூன்றே பெட்டி, காலையில் நெருக்கித்தான் ஏற வேண்டும். அதைக் கழித்தாலும் பாய லேபார்தான் கிட்டத்தில்.

தெம்பனிஸ்காரர்களுக்கு யோசிக்கவே வேண்டாம். பாய லேபாருக்கு ஆறு நிறுத்தம், மாறாமல். ராஃபிள்ஸ் பிளேஸுக்கு 12, அதுவும் மாறாமல். பாதியாகக் குறைகிறது.

ஜூரோங் ஈஸ்டிலிருந்து நிலைமை தலைகீழ். ராஃபிள்ஸ் பிளேஸுக்குப் பத்து நிறுத்தம். பாய லேபாருக்கு அதே ரயிலில் இன்னும் ஆறு. ஆனால் ராஃபிள்ஸ் பிளேஸில் கூட்டம் கொட்டிவிடும். அதற்கு அப்புறம் பெட்டியில் கால் நீட்டி உட்காரலாம். இதைச் சொன்னதும் ஜூரோங்கிலிருந்து வரும் ஒரு சகோதரி, “அக்கா, உட்கார இடம் கிடைப்பதற்காக நான் ஆறு நிறுத்தம் கூடப் போகணுமா?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. பாய லேபார் முடிவில் நட்டப்படுகிறவர்கள் இந்த ஆறு பேர்தான்.

உட்லண்ட்ஸ்காரர்கள் கதை சுவையானது. பழைய வடக்கு – தெற்குப் பாதையில் ராஃபிள்ஸ் பிளேஸுக்கு 17 நிறுத்தம், தாம்சன் பாதையில் ஷென்டன் வேக்கு 16. இரண்டும் மாறாமல். எண்ணிக்கையில் கிட்டத்தட்ட ஒன்றுதான், பயணத்தில் ஒன்றல்ல. தாம்சன் ரயில் அடுத்த நிலையமான உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்துதான் கிளம்புகிறது. அதனால் உட்லண்ட்ஸில் ஏறுகிறவருக்கு இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். முக்கால் மணி நேரம் தூங்கிக்கொண்டு வருவதற்கும் கம்பியைப் பிடித்துத் தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம் எந்த அட்டவணையிலும் வராது. பாய லேபார் என்றால் பீஷானில் மாறி மொத்தம் 14 நிறுத்தம். எண்ணிக்கை குறைகிறது, தூக்கம் போகிறது.

மீதி நான்கு பேர், ஜோகூர்க்காரர்கள். இவர்களை முதலில் எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் மற்றவர்கள் கண் விழிக்கும்போது இவர்கள் பாதி வழியில் இருப்பார்கள். தமிழ்ப் பையன் ஒருவன் காலை ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளைக் கிளப்புகிறான். ஏழு மணிக்கு முன்னால் உட்லண்ட்ஸில் ரயில் ஏறிவிடுவான், காலை 7.45க்கு முன் ரயில் நிலையத்துக்குள் நுழைந்தால் 50 காசு வரை தள்ளுபடி. “அந்த ஐம்பது காசில்தான் அக்கா என் காப்பி” என்பான்.

இவர்களுக்கு எல்லாவற்றையும் மாற்றப்போவது ஜோகூர் பாரு – சிங்கப்பூர் ஆர்டிஎஸ் ரயில் இணைப்பு. 2026 இறுதியில் தொடங்குவதாக அறிவிப்பு. ஜோகூர் பாருவில் உள்ள புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஐந்து நிமிடம், இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை. இறங்கும் இடம் உட்லண்ட்ஸ் நார்த் என்பதுதான் முக்கியம். அது தாம்சன் பாதையின் முதல் நிலையம். ஆக, ஷென்டன் வே அலுவலகம் என்றால் அவர்கள் ஒரே ஒரு முறை மாறி வந்து சேர்வார்கள். பாய லேபார் என்றால் கால்டிகாட்டில் இன்னொரு முறை. ஷென்டன் வேக்கு ஆதரவாக நான் கண்ட உருப்படியான வாதம் இந்த நான்கு பேர்தான். கடல் தெரிகிற கண்ணாடி அல்ல.

கார்

ஒருவருக்காக ஒரு தலைப்பு. பாஸ் ஆயிற்றே, போடாமல் முடியாது. சிங்கப்பூரில் நகர மையத்துக்குள் கார் ஓட்டக் காசு கேட்பது 1975இல் அட்டை ஒட்டும் முறையில் தொடங்கியது. 1998இல் மின்னியல் சாலைக் கட்டணமாக மாறியது. கார் வாங்கவே வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ் ஒரு லட்சம் வெள்ளியைத் தொட்டும் தாண்டியும் போகிற ஊரில், அதற்கு மேல் சாலைக் கட்டணமும் ஷென்டன் வே மாத வாகன நிறுத்தக் கட்டணமும். பாய லேபாரில் நிறுத்தக் கட்டணம் குறைவு. அவருக்கே இது தெரியும்.

பாஸின் கேள்வி

பட்டியலைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “நம்முடைய வாடிக்கையாளர்கள் எல்லாரும் மரீனா பேயில் இருக்கிறார்கள். பாய லேபாருக்கு அவர்கள் வருவார்களா?”

நியாயமான கேள்வி. வரவேற்பு மேசையிலிருந்து வருகையாளர் ஏட்டை எடுத்து வந்து கடந்த மூன்று மாதப் பக்கங்களைப் புரட்டினோம். விரைவுத் தபால்காரர். குளிர்சாதனம் சுத்தம் செய்கிறவர். தண்ணீர்ப் புட்டி. மறுபடி விரைவுத் தபால்காரர். நகலெடுக்கும் இயந்திரம் பழுது பார்க்கிறவர், அவரே நான்கு முறை. நடுவில் ஓர் இரண்டு பக்கத்தில் வங்கிக்காரர் ஒருவரின் கையெழுத்து. அவரும் பழைய சக ஊழியரைப் பார்க்க வந்தவர். வாடிக்கையாளர்கள் இங்கே வருவதில்லை, நாம்தான் அவர்களிடம் போகிறோம். பாய லேபாரிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் ஆறு நிறுத்தம், மாறாமல். பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த ரயிலில் கூட்டமும் இருக்காது.

இன்னொன்றும் சொன்னேன். அலுவலகங்களை நகர மையத்திலிருந்து தள்ளிப் பரப்புவது அரசாங்கத்தின் பழைய எண்ணம்தான். தெம்பனிஸில் வங்கிகளின் பின்னலுவலகங்கள் இருக்கின்றன. நகர மையத்திலோ பழைய அலுவலகக் கட்டடங்களை இடித்து வீடும் ஹோட்டலும் கலந்து கட்டினால் கூடுதல் தளப் பரப்பு தருகிற ஊக்கத் திட்டத்தை 2019இல் அறிவித்தார்கள். நாம் போவதைப் பார்த்து யாரும் ஏதோ நொடித்துப் போய்விட்டார்கள் என்று நினைக்க மாட்டார்கள். இதைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. உண்மையான கவலை அதுதான் போலிருக்கிறது.

எழுதிக் கொடுத்தது

பாய லேபார், மூன்று ஆண்டு ஒப்பந்தம். 20 பேருக்குப் பயணம் தெளிவாகக் குறைகிறது, வாடகையும் குறைகிறது. மூன்று ஆண்டு என்று சொன்னதற்குக் காரணம் ஆர்டிஎஸ். அது ஓடத் தொடங்கிய பிறகு ஜோகூரிலிருந்து வருகிறவர்கள் நான்கிலிருந்து பத்து ஆகிவிட்டால் கணக்கே வேறு. அப்போது ஷென்டன் வே பக்கம் வேலிகளும் அகன்றிருக்கும்.

மிச்சமாகும் வாடகையிலிருந்து இரண்டு நிபந்தனை வைத்தேன். ஜூரோங் பக்கத்து ஆறு பேரும் ஜோகூர்க்காரர்கள் நான்கு பேரும் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், அதற்கான கணினித் திரையை அலுவலகம் வாங்கிக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, காலையில் ஏழரைக்கும் பத்துக்கும் இடையில் யார் எப்போது வேண்டுமானாலும் வரலாம். இந்த இரண்டாவது நிபந்தனை எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் வேண்டும். ராஃபிள்ஸ் பிளேஸில் எட்டு ஐம்பதுக்கு நின்ற அந்த வரிசையைப் பார்த்த பிறகு, எல்லாரும் ஒன்பது மணிக்கே ஏன் வர வேண்டும் என்று எனக்கே புரியவில்லை. ராஃபிள்ஸ் பிளேஸை இரண்டாம் இடத்தில் போட்டேன். மின்தூக்கியை மாற்றுவதாகக் கட்டடக்காரர் எழுத்தில் கொடுத்தால் மட்டும்.

சைக்கிள்காரர்கள் இருவரும் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

பாஸ் அறிக்கையை முழுதும் படித்தார். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர், மூடிவிட்டுக் கேட்டார்: “பாய லேபாரில் ஜன்னலிலிருந்து என்ன தெரியும்?”

“ரயில் பாதை தெரியும் சார். கிழக்கு – மேற்குப் பாதை அங்கே மேம்பாலத்தில்தான் ஓடுகிறது. தெம்பனிஸ்காரர்கள் ரயில் தாமதம் என்று சொன்னால் உட்கார்ந்த இடத்திலிருந்தே சரிபார்த்துவிடலாம்.”

பேனாவை மறுபடி திறந்தார்.